பெயருக்கு வரும் கூட்டம், நம்பி வரும் குடும்பம்

புதிதாகக் கடை போடுகிறவர் யாராக இருந்தாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார். வியாபாரம் ஓடாவிட்டால் இந்த இடத்தை என்ன செய்வது? கிடங்காக வாடகைக்கு விடலாமா, மாவு மில் போடலாமா? பூஜை போடும் நாளில் இதை வாய் விட்டுச் சொல்லமாட்டார். சொன்னால் அபசகுனம். ஆனால் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

1967-ஆம் ஆண்டில் ஒரு குடும்பம் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே போட்டது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஓசார்க் மலைப்பகுதியில் இருக்கும் பிரான்சன் என்ற சிற்றூர். அங்கே பிரெஸ்லி குடும்பத்தார் 76-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் ஒரு பாட்டு அரங்கு கட்டினார்கள். (எல்விஸ் பிரெஸ்லியின் வீட்டார் என்று நினைத்துவிட வேண்டாம், இவர்கள் வேறு.) அந்தச் சாலையில் எழுந்த முதல் பாட்டு அரங்கு அதுதான். ஜனங்கள் வராமல் போனால் படகுகளை நிறுத்தி வைக்கும் கொட்டகையாக மாற்றிக்கொள்ளலாம் என்றே கட்டடத்தை அமைத்தார்கள். பக்கத்தில் பெரிய ஏரி. மீன்பிடிக்க வருகிறவர்களுக்குப் படகு நிறுத்த இடம் எப்படியும் வேண்டும். முதல் போட்டவனுக்கு இருக்க வேண்டிய எச்சரிக்கை அது.

இந்த ஊரைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் வணிகர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, "பெரிய பெயர் ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்துங்கள், கூட்டம் தானாக வரும், கூட்டம் வந்தால் வியாபாரம் தானாக நடக்கும்" என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பிரான்சன் கதையைப் படித்தும் கேட்டும் அறிந்த பிறகு பதில் கிடைத்தது. நேரில் போய்ப் பார்த்தவன் அல்ல நான். தூரத்திலிருந்து வரவு செலவு பார்க்கிறவன் என்ற அளவில் வாசகர்கள் என் பேச்சை எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஊரின் பெயர். ரூபன் பிரான்சன் என்பவர் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1882-இல் அந்தக் கடையிலேயே தபால் நிலையமும் திறந்தது. அவரே தபால் அலுவலர். கடைக்காரர் பெயர் தபாலுக்குப் போய், தபாலிலிருந்து ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஆக, உலகமே பாட்டுக்காகப் பேசும் ஊர் நம்மைப் போன்ற ஒரு மளிகைக்காரரின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. இதில் நாம் சற்றே பெருமைப்பட்டுக்கொண்டால் தவறில்லை.

1906-இல் ரயில் வந்தது. மறு ஆண்டே ஹரால்டு பெல் ரைட் என்பவர் அந்த மலைவாழ் மக்களை வைத்து 'தி ஷெப்பர்டு ஆஃப் தி ஹில்ஸ்' என்ற நாவலை எழுதினார். அது விற்ற விற்பனையில், கதை நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ரயிலேறி வந்தார்கள் வெளியூர்க்காரர்கள். 1913-இல் ஆற்றின் குறுக்கே அணை கட்டி டேனிகோமோ ஏரி உண்டாயிற்று. 1958-இல் அதற்கு மேலே டேபிள் ராக் என்ற பெரிய அணை முடிந்தது. மீன், படகு, குளிர்ந்த மலைக்காற்று என்று கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் பெருகினார்கள். பகலெல்லாம் ஏரியில் கழிப்பார்கள். பொழுது சாய்ந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இந்த மாலை நேரத்தைத்தான் உள்ளூர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். மேப் என்ற குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் நால்வர் 1959-இல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். 'பால்ட்நாபர்ஸ்' என்று பெயர். 1880-களில் அந்த வட்டாரத்தில் முகமூடி போட்டுக்கொண்டு தாமே நீதி வழங்கித் திரிந்த ஒரு கூட்டத்தாரின் பெயர் அது. அதை வேடிக்கையாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். துணி துவைக்கும் பலகை, வாளித் தொட்டி, கோவேறு கழுதையின் தாடை எலும்பு, இவையெல்லாம் வாத்தியங்கள். கன்ட்ரி இசை என்பது அங்கே உழவரும் லாரி ஓட்டுநரும் சுரங்கத் தொழிலாளியும் கேட்டு வளர்ந்த பாட்டு. பிடில், பாஞ்சோ, கிட்டார். வீடு, தாய், பிரிவு, ரயில் வண்டி, கடவுள், இவைதாம் பாடுபொருள். நடுவில் கோமாளி வந்து சிரிக்க வைப்பார். கடைசியில் பக்திப் பாட்டு. தாத்தாவும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பிரெஸ்லி குடும்பத்தார் குகை ஒன்றில் பாடிக்கொண்டிருந்து, பிறகு சாலைக்கு வந்தவர்கள். அப்பா லாயிட் மேடையில் பாட, மகன் கேரி 'ஹெர்கிமர்' என்ற கோமாளி வேடம் கட்டினார். குடும்ப உறுப்பினர்களே சீட்டும் கிழிப்பார்கள், இடமும் காட்டுவார்கள். கூலி வெளியே போகவில்லை, கல்லாவும் வெளியார் கையில் இல்லை.

குகை என்றதும் சொல்ல வேண்டிய இன்னொரு குடும்பம் இருக்கிறது. நம் தொழிலுக்கு இவர்களிடம்தான் அதிகம் கற்க இருக்கிறது. ஹியூகோ ஹெர்ஷெண்டு என்பவர் வீட்டுத் தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்றுவந்த விற்பனையாளர். 1950-இல் பிரான்சன் அருகே மார்வெல் குகை என்ற சுற்றுலா இடத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். 1955-இல் அவர் இறந்துபோனார். மனைவி மேரியும் ஜாக், பீட்டர் என்ற இரண்டு மகன்களும் தொழிலை விடவில்லை. குகைக்குள் ஒரே நேரத்தில் எல்லாரையும் அனுப்ப முடியாது. வெளியே வரிசை நிற்கும். நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டும் என்று குகை வாசலிலேயே பழங்காலத் தெரு ஒன்றை அமைத்தார்கள். சில கடைகள், மரக்கட்டையால் ஆன ஒரு பழைய வீடு, ஒரு சிறிய தேவாலயம், கைவினைஞர்கள், தெருவில் ஒரு சண்டை நாடகம். 1960 மே மாதம் திறந்த அந்தத் தெருதான் 'சில்வர் டாலர் சிட்டி'. பிறகு குகையை மிஞ்சி வளர்ந்து பெரிய பொழுதுபோக்குப் பூங்காவாகிவிட்டது.

பெயர்க் காரணத்தைக் கேளுங்கள். அங்கே மீதிச் சில்லறையை வெள்ளி டாலர் நாணயமாகவே கொடுத்தார்கள். அந்த நாணயம் அப்போது செல்லுபடியாகும், ஆனால் அன்றாடம் கையில் புழங்குவதில்லை. ஊருக்குத் திரும்புகிறவர் வழியில் பெட்ரோல் போடும்போதும் சாப்பாட்டுக்கும் அதை நீட்டுவார். "இது எங்கே கிடைத்தது?" என்று அந்தக் கடைக்காரர் கேட்பார். வந்தவர் கதை சொல்வார். நோட்டீசு இல்லை, சுவரொட்டி இல்லை. வாடிக்கையாளரின் சட்டைப்பையே விளம்பரப் பலகை ஆயிற்று. அவர்களுடைய விளம்பர ஆள் டான் ரிச்சர்ட்சனின் யோசனை இது. சில்லறை இல்லையென்று சாக்லேட்டைத் திணிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதுவும் விளம்பரம்தான், எதிர்த் திசையில்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி உள்ளூர்க் குடும்பங்களின் சரக்காகவே போயிற்று. வெளியிலிருந்து பெயர் பெற்றவர்கள் வந்தது பிறகுதான். 1983-இல் ராய் கிளார்க் பெயரில் ஓர் அரங்கு திறந்தது. தொலைக்காட்சி மூலம் நாடெங்கும் தெரிந்த பாடகர் அவர். 1987-இல் பாக்ஸ்கார் வில்லி வந்தார். ரயிலில் டிக்கெட் இல்லாமல் சுற்றும் நாடோடி வேடத்தில் பாடுகிறவர். உண்மையில் விமானப்படையில் பணியாற்றியவர். அவர் அரங்கை விலைக்கே வாங்கினார். தங்கும் விடுதி, அருங்காட்சியகம் என்று ஊரோடு ஊராகத் தொழில் செய்தார். மெல் டில்லிஸ், மிக்கி கில்லி, மோ பேண்டி, ரே ஸ்டீவன்ஸ் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள்.

ஏன் வந்தார்கள்? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வானொலி நிலையங்கள் அப்போது இளம் பாடகர்கள் பக்கம் சாய்ந்துவிட்டன. நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் புதிய தட்டுகளைப் போடுவார் இல்லை. ஆனால் அவர்களைக் கேட்டு வளர்ந்த வாடிக்கையாளர்கள் எங்கும் போய்விடவில்லை. ஓய்வு பெற்று, கையில் ஓய்வூதியத்தோடும் நேரத்தோடும் இருந்தார்கள். ஊர் ஊராகப் பேருந்தில் அலைந்து, ராத்திரி ஒரு மேடை, விடிந்தால் இன்னொரு ஊர் என்று வாழ்ந்த பாடகருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. பிரான்சனில் அந்தக் கணக்கு தலைகீழானது. பாடகர் தம் வீட்டில் தூங்குவார். பேருந்தில் ஏறி வருகிறவர்கள் ரசிகர்கள். நாளைக்கு இரண்டு காட்சி, வாரத்துக்கு ஆறு நாள் என்பது சாதாரணம். இடைவேளையில் பாடகரே வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கை குலுக்கிவிட்டுப் போவதும் உண்டு. சந்தையில் விலை போகாத பழைய சரக்கு என்று மொத்த வியாபாரி ஒதுக்கியது, அதை வேண்டும் என்பவர் வீதியில் நல்ல விலைக்குப் போயிற்று. அரிசியிலேயே நாம் இதைப் பார்த்ததில்லையா!

முதியவர்கள் கூட்டமாக வருகிறார்கள் என்பதால் காலை பத்து மணிக்கே ஒரு காட்சி வைத்தார்கள். பிறகு பிற்பகல், பிறகு இரவு. மூன்று காட்சிக்கு நடுவில் மூன்று வேளைச் சாப்பாடு. அதற்கும் நடுவில் கடைத்தெரு. கோடையோடு முடிந்த பருவத்தை கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளால் டிசம்பர் வரை நீட்டினார்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த நீட்டிப்பின் அருமை தெரியும்: வாடகை பன்னிரண்டு மாதமும் ஏறுகிறது, வியாபாரம் மட்டும் ஆறு மாதம் என்றால் எந்த முதல் தாங்கும்?

ஷோஜி டபுச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஜப்பானில் பிறந்து மேல்நாட்டு முறையில் வயலின் கற்றவர். மாணவராக இருந்தபோது அமெரிக்கப் பாடகர் ராய் அகஃப் அங்கே வந்து நடத்திய நிகழ்ச்சியைக் கேட்டார். கன்ட்ரி பிடிலில் மனதைப் பறிகொடுத்தார். பெட்டி படுக்கையோடு அமெரிக்கா போய், கடைசியில் பிரான்சனில் தமக்கென ஓர் அரங்கு வைத்து, ஊரிலேயே மிக அதிகக் கூட்டம் சேர்ப்பவர்களில் ஒருவரானார். அவருடைய பிடிலுக்கு ஈடாகப் பேசப்பட்டது எது தெரியுமா? அரங்கின் கழிப்பறைகள். பெண்கள் பகுதியில் ஆர்க்கிட் மலர்கள்; ஆண்கள் பகுதியில் பில்லியர்ட்ஸ் மேசை. பார்த்தவர்கள் ஊருக்குப் போய்ப் பாட்டைச் சொன்னார்களோ இல்லையோ, இதைச் சொன்னார்கள். நாள் முழுதும் பேருந்தில் வரும் வயதான அம்மாள் முதலில் எதைத் தேடுவார் என்று யோசித்த மனிதர் அவர். 2023-இல் காலமானார்.

1991 டிசம்பரில் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மார்லி சேஃபர் பிரான்சனைப் பற்றிச் சொன்னார். பிரபஞ்சத்துக்கே நேரடி இசையின் தலைநகர் இது என்ற பொருளில் ஒரு வார்த்தையை அவர் போட்டதும் பிடித்தது ஓட்டம். 1990-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஊரின் மக்கள் தொகை 3,706. அந்த ஊருக்கு லட்சக்கணக்கில் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 76-ஆம் சாலையில் போக ஒரு வழி, வர ஒரு வழி. பல மணி நேரம் கார்கள் நகரவில்லை. 1992-இல் ஆண்டி வில்லியம்ஸ் வந்து மூன் ரிவர் அரங்கைத் திறந்தார். அவர் கன்ட்ரி பாடகரே அல்லர். அவரைத் தொடர்ந்து ஆஸ்மண்டு சகோதரர்கள், வேய்ன் நியூட்டன், டோனி ஆர்லாண்டோ, பாபி விண்டன் என்று வேறு வகைப் பாட்டுக்காரர்களும் வந்தார்கள். நியூயார்க்கின் பிராட்வேயைக் காட்டிலும் எங்கள் ஊரில் நாற்காலிகள் அதிகம் என்று ஊரார் பெருமை பேசினார்கள்.

நாற்காலியை எண்ணிப் பெருமைப்படுகிற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் எழுகிறது. நாற்காலி சரக்கு அல்ல. தினமும் நிரப்ப வேண்டிய செலவு.

வில்லி நெல்சன் 1992-இல் வந்தார். கன்ட்ரி உலகில் அவரைவிடப் பெரிய பெயர் எத்தனை? ஒரே மேடையில் நாள்தோறும் இரண்டு காட்சி என்பது அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை. ஒரு பருவத்தோடு சரி. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் தொழில் வேறு. ஆனால் பெயரை நம்பி விடுதி கட்டியவர், பெயரை நம்பிக் கடை எடுத்தவர், இவர்கள் கதி? இன்னொரு பெரிய சுமையும் சேர்ந்தது. நிலத்தின் விலை ஏறியது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவருக்கும் விடுதியில் படுக்கை விரிக்கிறவருக்கும் அந்த ஊரில் குடியிருக்க வீடு இல்லை. பழைய விடுதிகளில் வார வாடகைக்குக் குடும்பத்தோடு ஒண்டினார்கள். ஜனவரி, பிப்ரவரி வந்தால் அந்த வேலையும் கிடையாது. பாட்டைக் குடும்பத்துக்கு ஏற்றதாக வைத்த ஊர், பாத்திரம் கழுவுகிற குடும்பத்துக்கு இடம் வைக்கவில்லை. இந்தக் குறை இன்றைக்கும் பேசப்படுவதுதான்.

ஒன்றை மட்டும் நன்றாகச் செய்தார்கள். விடுதி அறைக்கும் காட்சிச் சீட்டுக்கும் 4 சதவீதம், உணவகத்தில் அரை சதவீதம் என்று சுற்றுலா வரி விதித்து, அதில் பெரும்பகுதியைச் சாலை, குடிநீர், கழிவுநீர் போன்றவற்றுக்கும் ஒரு பகுதியை ஊரை விளம்பரம் செய்யவும் வைத்தார்கள். வரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவன் நான். ஆனாலும் கொடுக்கிறவர் வெளியூர்க்காரர், போகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் எதிர்க்க வாய் வருமா?

காலம் போகப் போகப் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பாக்ஸ்கார் வில்லி 1999-இல் பிரான்சனிலேயே மறைந்தார். ஆண்டி வில்லியம்ஸ் 2012-இல், மெல் டில்லிஸ் 2017-இல், ராய் கிளார்க் 2018-இல், மிக்கி கில்லி 2022-இல். அவர்களைத் தேடி வந்த தலைமுறையும் அவர்களோடு மூத்தது. பாடகர் போனபின் அவர் பெயர் போட்ட அரங்கு என்ன ஆகும்? சில கைமாறின, சில மூடின. பல மேடைகளில் இப்போது மறைந்தவர்களைப் போல வேடமிட்டு அவர்கள் பாட்டைப் பாடுகிறார்கள். பழைய கம்பெனியின் டப்பாவில் புதுச் சரக்கை நிரப்பி விற்பது போல இருக்கிறதே என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் வாங்குகிறவருக்கு இது நகல் என்று தெரியும். தெரிந்தே சிரித்துக்கொண்டு வாங்குகிறார். ஆகவே அதைக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி இருக்கத்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் பிரெஸ்லி குடும்பம்? 1967-இல் திறந்த அதே சாலையில், பேரன், கொள்ளுப் பேரன் தலைமுறையோடு அவர்கள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. சில்வர் டாலர் சிட்டியும் அதே ஹெர்ஷெண்டு குடும்பத்தின் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஊர் மையத்தில் 1961-இல் தொடங்கிய 'டிக்ஸ் ஃபைவ் அண்டு டென்' என்ற பழைய காலச் சில்லறைச் சாமான் கடையும், 2006-இல் ஏரிக்கரையில் பெரிய வணிக வளாகம் வந்த பிறகும் நிற்கிறது. நிலைத்தவர்கள் எல்லாரும் உள்ளூரில் வேர் விட்டவர்கள் என்று நான் சொன்னால், "பால்ட்நாபர்ஸ் குடும்பத்தார் கைவிட்டுப் போகவில்லையா" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். குடும்பம் என்பதே ஒரு காப்பீடு அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயரை வாடகைக்கு எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்பது தெரிகிறது. 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி விடியற்காலையில் சூறாவளி அந்த 76-ஆம் சாலையையே புரட்டிப்போட்டது. பருவம் தொடங்கச் சில வாரமே இருந்தது. கூரை போன அரங்குக்காரர்களும் கண்ணாடி நொறுங்கிய கடைக்காரர்களும் ஓடிப்போகாமல் பழுது பார்த்துக் கதவைத் திறந்தார்கள். அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை.

குடும்பத்துக்கு ஏற்ற நிகழ்ச்சி என்பதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதே கோமாளி, அதே நகைச்சுவை, கொடியைப் பார்த்துக் கண்ணீர், கடைசியில் பக்திப் பாட்டு. இதில் கலை எங்கே என்பார்கள். கலையை அளக்கும் படி என்னிடம் இல்லை. வியாபாரமாகப் பார்த்தால், கூசாமல் பாட்டியையும் பேத்தியையும் கூட்டி வர முடிகிற இடத்தில் ஒரு சீட்டு விற்கும் நேரத்தில் ஐந்து சீட்டு விற்கும். பேத்தி வளர்ந்து தன் பிள்ளையைக் கூட்டி வருவாள். ஆனால் அப்படி அழைப்பது ஒரு வாக்குறுதி. மேடையில் ஆபாசம் இல்லை என்பதோடு அது முடிந்துவிடுவதில்லை. 2018 ஜூலை 19-ஆம் தேதி டேபிள் ராக் ஏரியில், கடும் புயல் எச்சரிக்கை இருந்தும் இறங்கிய சுற்றுலாப் படகு மூழ்கியது. அதில் இருந்த 31 பேரில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் 9 பேர் ஒரே குடும்பத்தார். பிள்ளைகளோடு வாருங்கள் என்று அழைத்த ஊருக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ஒரு நாள் சவாரியின் வசூலை விட மனமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

இன்னொரு செய்தி என் கருத்துக்கே எதிராக நிற்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிரான்சனுக்குச் சில மைல் தூரத்தில், அதே டேனிகோமோ ஏரிக்கரையில் ராக்கவே பீச் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் கோடைக்கு அங்கேதான் கூட்டம். நீச்சல், படகு, நடனம் என்று ஓஹோ என்று இருந்த இடம். 1958-இல் டேபிள் ராக் அணை முடிந்தபின் அதன் அடி ஆழத்துத் தண்ணீர் டேனிகோமோவுக்கு வரத் தொடங்கியது. ஏரி சில்லிட்டுப்போனது. டிரௌட் மீனுக்கு அது சொர்க்கம். குளிக்க வந்தவர் கால் வைக்க முடியவில்லை. கடைக்காரர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. தராசு சரி, சரக்கு சரி. ஏரியின் சூடு போனதும் வியாபாரமும் போயிற்று. அந்த அணைதான் பிரான்சனுக்கு வாழ்வு கொடுத்தது.

பல ஆண்டு நொடிந்து கிடந்த அந்த ஊர், சூதாட்ட விடுதி ஒன்று வந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றது. அதற்கு மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். 2004 ஆகஸ்டில் மிசௌரி முழுதும் வாக்கெடுப்பு நடந்தது. பிரான்சன் வணிகப் பிரமுகர்கள் பலர் எதிர்த்தார்கள். பக்கத்தில் சூதாட்டம் வந்தால் குடும்பங்கள் வரும் ஊர் என்ற பெயர் கெடும் என்பது அவர்கள் வாதம். திருத்தம் தோற்றது.

நானும் அந்த மாநிலத்தில் வாக்காளனாக இருந்திருந்தால் எதிர்த்தே வாக்களித்திருப்பேன். சூதாட்டத்தில் தோற்றவன் வீட்டில் முதலில் நிற்பது மளிகைப் பாக்கிதான் என்பதை நாம் அறிவோம். ஆனால் ராக்கவே பீச்சில் கடை வைத்திருந்த ஒருவர் என் முன்னால் வந்து நின்று, "உங்கள் கல்லா நிறைந்திருக்கிறது, அதனால் நீங்கள் நல்லவராக இருக்க முடிகிறது" என்று சொன்னால், அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பிரான்சன் வரியிலிருந்தோ வருமானத்திலிருந்தோ அந்தச் சிற்றூருக்கு ஒரு கை கொடுத்திருக்க வேண்டாமா? எதிர்த்து வாக்களிக்கச் சொன்னவர்கள் அதற்கு மாற்றாக ஒரு வழியும் காட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெரிய பெயர் வேண்டும் என்று வாதாடிய நண்பரிடம் இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே காட்டினேன். பிரெஸ்லி குடும்பத்தைப் பற்றிய பகுதிக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. "ஆனால் அந்தத் தொலைக்காட்சிக்காரர் 1991-இல் பேசாமல் இருந்திருந்தால் பிரெஸ்லி அரங்குக்கும் இத்தனை கூட்டம் ஏது? பேசுவதற்கு அவரை இழுத்தது அந்தப் பெயர்கள்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரையே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் இடம் கொடுத்தால் அடுத்த இதழில் வரும்.